பாலத்தின் உயரத்தில் ஒரு வீடு

குருபரப்பள்ளியில் கடைசி ஆள் ஏறியதும்
பஸ்ஸுக்குள் விளக்கை அணைத்துவிடுவேன்.
முப்பத்தாறு பேர். முதல் ஷிப்ட்.
கழுத்தில் தொங்கும் அட்டையோடு
கண்ணாடியில் தலை முட்டத் தூங்குவார்கள்.
சூளகிரியில் லாரிகள்
ஒன்றையொன்று தாண்ட முடியாமல்
தாண்டிக்கொண்டே இருக்கும்,
மூன்று தடத்தையும் அடைத்துக்கொண்டு.
பேரண்டப்பள்ளியில் வனத்துறை ஜீப் குறுக்கே நின்றால்
ஹெட்லைட்டை அணைத்துக் காத்திருக்க வேண்டும்.
யானை கடந்ததா என்பது
முன்னால் போனவன் மிதித்த லத்தியில்தான் தெரியும்.

அப்புறம் ஓசூர்.
இடப்பக்கம் இறங்கினால் ஊர்:
பஸ் ஸ்டாண்டு, ரோஜா மூட்டை, ஷேர் ஆட்டோ, சிக்னல்.
நேரே ஏறினால் பாலம்.
பாலத்தில் ஊர் கிடையாது.
தண்ணீர்த் தொட்டிகள், மொட்டைமாடிக் கொடியில்
எடுக்க மறந்த ஒரு சுடிதார், அவ்வளவுதான்.
ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது
கம்பெனி கேட்டை மூடிவிடுவார்கள்.
நான் பாலத்து ஆள்.

அந்தப் பாலம் லேசாக வளைகிற இடத்தில்
கைப்பிடிச் சுவருக்கு நேர் உயரத்தில்
ஒரு சமையலறை.
ஜன்னல் நிறைய வெளிச்சம். நீலப் பக்கெட்.
நைட்டிமேல் துண்டு போட்ட பெண் ஒருத்தி
முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ நறுக்குவாள்.
ஒருமுறைகூடத் திரும்பியதில்லை.

ஏழு விநாடி.
மாதம் இருபத்தாறு நாள், மூன்று வருஷம்.
டோல் வரிசையில் நின்றபோது ஒருநாள்
கூட்டிப் பார்த்தேன்:
ஒன்றே முக்கால் மணி நேரம், சொச்சம்.
இந்த மூன்று வருஷத்தில் என் தம்பியோடு
அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?
கிளீனர் திம்மராயன் கேட்டால்
அத்திப்பள்ளி வரைக்கும் சிரிப்பான்.

ஆவணி நடுவில் ஒருநாள் ஜன்னல் இருட்டு.
மறுநாளும்.
மூன்றாம் நாள் கம்பியில் ஓர் அட்டை கட்டியிருந்தது,
பாலத்தைப் பார்த்து:
வீடு வாடகைக்கு.
கீழே பத்து எண்கள்.
எந்த லாரிக்காரன் பிரேக் போட்டுக்
குறித்துக்கொள்வான் என்று நினைத்தார்களோ.

"காலி பண்ணிட்டாங்க போல"
என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.
ஆறாவது வரிசை, மத்தூர் யசோதா.
"அந்த ஆளுக்கு வேலை மாறியிருக்கும்."
"ஆளா? பொம்பளைக்கா."
"இல்லடி, சின்னப் பையன்.
ஸ்டூல் போட்டு ஏறிப் பால் காய்ச்சுவான்."
"பாட்டு வேற கேக்கும்" என்றாள் ஒருத்தி,
ஜன்னல் திறக்காத ஏசி பஸ்ஸில்.

முப்பத்தாறு பேரும் விழித்திருந்திருக்கிறார்கள்.
மூன்று வருஷமாக.
என் சீட்டுக்கு அவள் முதுகு,
நடு சீட்டு தாண்டும்போது அவன்,
கடைசி சீட்டுக்குப் பையன்.
நடுவில் ஒரு சுவரோ கதவோ
எங்கள் யாருக்கும் தெரியாமல்
திறந்து மூடியிருக்க வேண்டும்.
திம்மராயன் மட்டும் பேசவில்லை.
போனை எடுத்தான், வைத்தான்.
பத்து எண்களில் ஏழு அவனுக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்க் கீழே தேடினேன்.
கீழே அந்த வீடு இல்லை.
கடைகளின் பெயர்ப்பலகை, ஏணி, ஏசி டப்பா,
எல்லாவற்றுக்கும் மேல் பாலத்தின் அடிவயிறு.
"பாலத்துக்கு நேரா ஒரு ஜன்னல்" என்றேன்
டீக்கடையில்.
"எந்தப் பாலம்?" என்று கேட்டவர்
அண்ணாந்து பார்த்தார்,
ரொம்ப நாள் கழித்துப் பார்ப்பவரைப் போல.
டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று பாலம் ஏறியதும்
கியரை ஒன்று குறைத்தேன்.
பின்னால் வந்த கன்டெய்னர்க்காரன்
ஹாரனில் என் பரம்பரையை விசாரித்தான்.
ஜன்னல் இன்னும் இருட்டுதான்.
பதினோரு விநாடி ஆனது.
ஏன் என்று
பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை.